வயித்துல தடமே இல்லையா? அடிபட்ட குழந்தைக்கு ஆபத்து உள்ளே இருக்கலாம்

"கட்டில்ல இருந்து விழுந்துட்டான்." குழந்தையை அடித்ததை மறைக்க அடிக்கடி சொல்லப்படும் காரணம் இது. ஆனா அந்த உயரத்துல இருந்து விழுந்து குடல் கிழிவது மிக அரிது. வயிற்றில் உதை விழுந்தால் குடலும் கணையமும் முதுகெலும்போடு நசுங்கும். வயிற்றுத் தோலில் தடமே இல்லாமலும் இருக்கலாம். அறிகுறி தெரிய ஒரு நாள்கூட ஆகலாம்.

பச்சை வாந்தி, உப்பிய வயிறு, தொட்டாலே அழுகை, துவண்டுபோன உடம்பு... ஒன்று இருந்தாலும் 108-ஐ கூப்பிடுங்க. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவமனை சுமார் 30 கி.மீ., அதனால விடியட்டும்னு காத்திருக்காதீங்க. காது, கழுத்து, முதுகில் கன்றிப்போயிருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஈரல் என்சைம் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுப்பாங்க.

யார் அடிச்சாங்கன்னு நிரூபிப்பது பக்கத்து வீட்டுக்காரர் வேலை இல்லை. சந்தேகம் இருந்தாலே 1098-க்கு போன் பண்ணலாம், நள்ளிரவிலும்.