உதவிப் பயிற்றுவிப்பாளர் மீது பழி போடுமுன்

2018இல் மன்செஸ்டர் யுனைடெட்டின் 18 வயதுக்குட்பட்டோர் அணியைப் பயிற்றுவித்த கீரன் மெக்கென்னாவை, முகாமையாளர் ஜோஸே மொரின்ஹோ சிரேஷ்ட அணியின் பயிற்றுவிப்பாளர் குழாமில் சேர்த்தார். 2021இல் அணி தடுமாறியபோது இரசிகர்களின் கோபம் அவர் மீதும் திரும்பியது. சிறுவர்களுக்குப் பழக்கியவரால் நட்சத்திர வீரர்களை வழிநடத்த முடியுமா என்று நானும் நினைத்தேன்.

அந்தச் சந்தேகம் இயல்பானதே. இளையோர் அணியில் வீரனை வளர்ப்பதே முதல் வேலை. சிரேஷ்ட அணியிலோ வாராவாரம் புள்ளிகள் வேண்டும். ஆனால் களமிறங்கும் அணியை இறுதியாகத் தீர்மானிப்பவர் முகாமையாளர்தான். உதவியாளரின் பங்கை வெளியிலிருந்து அளப்பது கடினம்.

அதே ஆண்டு டிசம்பரில் மெக்கென்னா, மூன்றாம் நிலை லீக்கிலிருந்த இப்ஸ்விச் கழகத்தின் முகாமையாளரானார். 2023, 2024 என அடுத்தடுத்து இரு தடவைகள் தரமுயர்த்தி, அதைப் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்தார். பழைய பதவியை வைத்து ஒருவரது திறமையை எடைபோடுவது அநீதி என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.