விங்கரின் முதல் பத்து மீட்டர்

திடலோரத்தில் மெதுவாக நடந்துகொண்டிருக்கும் விங்கரைப் பார்த்து, "சோம்பேறி, ஓடு!" என்று கத்தும் மாமா எல்லாத் திடலிலும் ஒருவர் இருப்பார். உண்மையில் அந்த ஆட்டக்காரர் அப்போது தசையை நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

திடீர் ஓட்டத்துக்கான ஆற்றலின் பெரும்பகுதி, தசைக்குள் சேமித்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 10 விநாடியில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். பாதியளவு மீண்டும் நிரம்ப அரை நிமிடம் போல ஆகும். முழுதாக நிரம்பச் சில நிமிடங்கள் வேண்டும்.

மலேசியாவில் விங்கர் என்றதும் எஸ். குணாளன் நினைவுக்கு வருவார். நெகிரி செம்பிலானில் பெயர் எடுத்து, சிலாங்கூரிலும் பின்னர் ஜொகூர் டாருல் தாக்சிமிலும் ஆடியவர். 2010இல் கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா முதன்முறையாக ஆசியான் காற்பந்துக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தார்.

விங்கரின் ஓட்டம் 100 மீட்டர் ஓட்டம் போன்றதல்ல. உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடியபோது, உச்ச வேகத்தை எட்டியது 60 மீட்டரைத் தாண்டிய பிறகே. விங்கருக்கு அவ்வளவு தூரம் ஏது? அவருக்கு வேண்டியது முதல் 10 மீட்டரில் முடுக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விங்கர் விநாடிக்கு 8 மீட்டர் ஓடுகிறார், தற்காப்பு ஆட்டக்காரர் 7.5 மீட்டர். ஒரே நேரத்தில் புறப்பட்டால் 3 விநாடியில் இடைவெளி ஒன்றரை மீட்டர்தான். ஆனால் தற்காப்பு ஆட்டக்காரர் உடலைத் திருப்ப அரை விநாடி எடுத்தால், அது 5 மீட்டரைத் தாண்டிவிடும். வேகத்தைவிட, எப்போது புறப்படுகிறார் என்பதே முக்கியம்.

இதற்கான விலையைத் தொடையின் பின்தசை கொடுக்கிறது. முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டபடியே காலுக்குப் பிரேக் போடுகிறது. பெரும்பாலும் அப்போதுதான் கிழிகிறது. ஒருமுறை கிழிந்தால் மறுபடியும் கிழியும் வாய்ப்பு அதிகம். சாஆ திடலில் மாலையில் ஆடும் மாணவரானாலும், அங்கே சுருக்கென்று வலித்தால் அன்றைய ஆட்டத்தை அதோடு நிறுத்திவிட வேண்டும். இதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு: முட்டி போட்டு நிற்க, நண்பர் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, மெல்ல முன்னால் சாய்வது. தொடர்ந்து செய்த அணிகளில் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன.

வயது ஏற ஏற, வேகம் தரும் தசை இழைகள் சுருங்கும். அதனால் விங்கர்கள் சிலர் ஓரிடம் பின்னே போகிறார்கள். குணாளனும் பிற்காலத்தில் வலது தற்காப்பில் ஆடினார். அங்கும் ஓட்டம் குறைவில்லை. ஆனால் எதிரே வரும் விங்கர் எப்போது புறப்படுவார் என்பது அவருக்குத் தெரியும்.