சீட்டாட்டம் சோதிடமான கதை

எதிர்காலத்தை உரைப்பதாகச் சொல்லப்படும் 'டாரட்' சீட்டுகளைக் கண்டு அஞ்சுவோர் உளர். ஆவலோடு நாடுவோரும் உளர். அவற்றில் எகிப்தியப் பூசாரிகளின் மறைஞானம் அடங்கியுள்ளது என்பதில் மட்டும் இருசாராரும் ஒத்துப்போவதைக் காண்கிறோம்.

ஆயின் அவை பிறந்த இடம் வட இத்தாலி. 1440-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மிலான், பெராரா, புளோரன்சு நகரங்களில் செல்வர்கள் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டமே அது. நால்வகைச் சீட்டுகள் 56, படந்தீட்டிய துருப்புகள் 21, கோமாளி ஒன்று, ஆக 78. துருப்புகளில் நாம் காண்பவை யாவை? பாப்பரசர், பேரரசர், நீதி, மனத்திடம், மிதம் ஆகிய நற்பண்புகள், சாவு, எக்காளம் ஊதும் வானதூதர், கல்லறை விட்டெழும் மாந்தர். அக்காலக் கோவிற் சுவர்களிலும் மக்கள் கண்டு பழகியவையே இவை! அந்நாளில் இவ்வாட்டத்தைக் கண்டித்துப் பிரசங்கித்த துறவி ஒருவரும் சூதாட்டம் என்றே கண்டித்தார். பாப்பரசர் படம் சூதில் இடம்பெற்றது அவரைப் புண்படுத்தியது. குறி கேட்பதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

பின் எகிப்து எவ்வாறு நுழைந்தது? பாரிசில் வாழ்ந்த கூர் தெ ழெபலேன் என்ற புரொட்டஸ்டாண்டு போதகர், ஒரு சீமாட்டியின் இல்லத்தில் இவ்வாட்டத்தைக் கண்டார். கால்மணி நேரத்திற்குள் அதன் பொருளனைத்தும் விளங்கிவிட்டதாம்! தோத் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் நூலே சீட்டுவடிவில் மறைந்து வாழ்கிறது என்று 1781-இல் எழுதினார். 'தார்' என்றால் வழி, 'ரோ' என்றால் அரசன். எனவே அரச வழி எனச் சொற்பொருளும் கண்டார். அன்று எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் எவருமிலர். சாம்போலியன் அதன் திறவுகோலைக் கண்டது 1822-இல்தான். அத்தகைய சொற்கள் எகிப்திய மொழியில் கிடைக்கவில்லை.

ஊகம் விரைவில் வாணிபமாயிற்று. குறிசொல்லி வாழ்ந்த எத்தெய்யா 1785-இல் நூல் வெளியிட்டு, பின்னர்த் தனிச் சீட்டுக்கட்டும் விற்றார். அடுத்து வந்தவரை எண்ணுகையில் நம் மனம் வருந்துகிறது. பாரிசுக் குருமடத்தில் பயின்று, திருத்தொண்டராகி, குருப்பட்டத்திற்கு முன் விலகிய அல்போன்சு லூயி கான்ஸ்தான், எலிபாஸ் லெவி என்ற பெயரில், 1850-களில் 22 படங்களையும் எபிரேய எழுத்துகள் 22-உடன் பிணைத்து மந்திரநூல் யாத்தார்.

இக்கட்டுக்கதையைச் சான்றுகளோடு அவிழ்த்தவர்களுள் முதன்மையானவர் ஆக்ஸ்போர்டு மெய்யியலாரும் கத்தோலிக்கருமான மைக்கேல் டம்மெட். அவரது பெருநூல் 1980-இல் வந்தது. எல்லாவகைக் குறிபார்த்தலையும் விலக்குமாறு 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2116-ஆம் எண்ணில் கூறுகிறது. சாவுச் சீட்டு விழுந்ததென்று உறக்கமிழந்து தவிப்போர்க்கு நாம் சொல்லக்கூடியது மற்றொன்றும் உண்டு. பிரான்சு நாட்டு இல்லங்களில் 78 சீட்டுகளைக் கொண்டு இந்த ஆட்டத்தை இன்றும் ஆடுகின்றனர். யார் வென்றார் என்பதைத் தவிர வேறெதையும் அவர்கள் அச்சீட்டுகளிடம் கேட்பதில்லை.