அருவிச் சத்தத்தில் இயர்போன்: கேட்டுப் பார்ப்பது எப்படி?

போன ஆடி மாதம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம் தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பையன். அவன் காதில் இருந்த இயர்போனில் ஓடிய பாட்டு எனக்கே தெளிவாகக் கேட்டது. "தம்பி, சத்தம் கொஞ்சம் கூடுதலா இல்ல?" என்றேன். "இல்லண்ணே, பஸ் சத்தத்துல இதுவே சரியா கேக்க மாட்டேங்கு" என்றான்.

அவன் சொன்னது உண்மைதான். பஸ் சத்தம் உள்ளே வருகிறது, அதனால் வால்யூமைக் கூட்டுகிறான். பாட்டு வெளியே கசிவதற்கும் பஸ் சத்தம் உள்ளே நுழைவதற்கும் வழி ஒன்றேதான். அவன் இயர்போன் காதில் சரியாகப் பொருந்தவில்லை. விலை கொடுத்து வாங்கும்போது யாரும் கவனிக்காத விஷயம் இது.

"எந்த இயர்போன் நல்லது?" என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மாடல் பெயர் சொல்வதைவிட, எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்று சொல்வதுதான் உபயோகம். மாடல் ஆறு மாதத்தில் மாறிவிடும், காது மாறாது. ஒன்றிரண்டு வருஷமாக நானே செய்து பார்த்து எழுதி வைத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதலில் அடைப்பு

காதுக்குள் செருகும் இயர்போனில் சத்தத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது அதன் முனையில் இருக்கும் ரப்பர், அதாவது இயர்டிப். அந்த ரப்பர் காதுத் துளையைக் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் கீழ்ஸ்தாயி, நாம் 'பேஸ்' என்று சொல்வது, செவிப்பறைவரை போய்ச் சேரும். ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் பேஸ் அந்த வழியே ஓடிவிடும். "இந்த இயர்போனில் பேஸே இல்லை" என்று சொல்பவர்களில் பல பேருக்குப் பிரச்சினை இயர்போனில் இல்லை, டிப் சைஸில்தான்.

சோதிப்பது சுலபம். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் சத்தத்தை மெதுவான வால்யூமில் ஓடவிட்டு, இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் சத்தம் திடீரென்று கூடினால், அதுவரை அடைப்பு சரியாக இல்லை என்று அர்த்தம். பெட்டியில் வரும் மூன்று சைஸையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எனக்கு இடது காதில் சின்னது, வலது காதில் நடுத்தரம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆனது!

அருவி ஒரு நல்ல பரிசோதனைக்கூடம்

அன்றைக்குப் பேரருவிக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் தெறிக்காத இடத்தில் உட்கார்ந்து என்னிடம் இருந்த மூன்று இயர்போன்களையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பேரருவியில் தண்ணீர் நேராகத் தரைக்கு வருவதில்லை. பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி, பிறகுதான் கீழே இறங்குகிறது. அந்தச் சத்தத்தில் அடியில் ஒரு உறுமல், நடுவில் இரைச்சல், மேலே 'ஸ்ஸ்' என்ற சீறல், எல்லா ஸ்தாயியும் கலந்து கிடக்கிறது. ஒரு இயர்போன் எதைத் தடுக்கிறது, எதை விடுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல சத்தம் கிடைக்காது.

பாட்டு எதுவும் போடாமல் வெறுமனே செருகினாலே வித்தியாசம் தெரியும். நன்றாக அடைக்கும் ரப்பர், மேலே உள்ள சீறலைத்தான் அதிகம் குறைக்கும். அடி உறுமல் கொஞ்சம் மிஞ்சும். 'நாய்ஸ் கேன்சலேஷன்' உள்ள இயர்போன் இதற்கு நேர்மாறு. அது வெளிச் சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு எதிரான அலையை உண்டாக்கி அழிக்கிறது. ஏற்ற இறக்கமில்லாத கீழ்ஸ்தாயியில் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். ஸ்தாயி ஏற ஏறப் பலன் குறையும். ஆகவே பஸ் எஞ்சின், ரயில் உறுமல் போன்றவற்றுக்கு அது நல்ல துணை. அருவியின் சீறலையும் பக்கத்து சீட்டுக்காரர் பேச்சையும் தடுக்க ரப்பர்தான் வேலை செய்ய வேண்டும்.

காற்றுக்குத் தனியாக ஒரு சோதனை உண்டு. தென்காசி காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் காற்று தெரியும், வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். நாய்ஸ் கேன்சலேஷனுக்கான மைக்கில் இந்தக் காற்று அடித்தால், அதையும் 'சத்தம்' என்று நினைத்து இயர்போன் தடுமாறும். காதுக்குள் படபடவென்று அடிக்கும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. (ஓட்டுகிறவர்கள் இயர்போன் போடவே கூடாது, அது வேறு விஷயம்.)

வரைபடம் ஏன் நேர்கோடாக இல்லை?

இணையத்தில் விமர்சனம் படிப்பவர்கள் ஒரு வளைந்த கோட்டைப் பார்த்திருப்பீர்கள். எந்த ஸ்தாயி எவ்வளவு சத்தமாக வருகிறது என்று காட்டும் வரைபடம் அது. நல்ல இயர்போன் என்றால் கோடு நேராக இருக்க வேண்டும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது தப்பு.

நம் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். ஒரு முனை திறந்திருக்கிறது, மறுமுனையில் செவிப்பறை. புல்லாங்குழல் மாதிரி இந்தக் குழாய்க்கும் சொந்த ஸ்ருதி ஒன்று உண்டு. கணக்குப் போட்டால் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே வரும். சாதாரணமாக நாம் எதைக் கேட்டாலும் அந்த இடத்தில் காதே சத்தத்தைக் கூட்டிக்கொடுக்கிறது. இயர்போனைச் செருகியதும் திறந்த முனை மூடிவிடுகிறது, அந்தக் கூடுதலும் போய்விடுகிறது. அதை இயர்போன் ஈடுகட்டியாக வேண்டும். அதனால்தான் நல்ல இயர்போன்களின் வரைபடத்தில் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. அந்த மேடு இல்லாவிட்டால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். மிதமிஞ்சிப் போனால் காது கூசும்.

மேடு எவ்வளவு உயரம் இருக்கலாம்? ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பலரைக் கேட்கவைத்து, பெரும்பான்மையோருக்குப் பிடித்த ஒரு வளைவை வகுத்தார்கள். இன்று விமர்சகர்கள் அளவுகோலாக வைப்பது பெரும்பாலும் அதையோ அதன் திருத்தங்களையோதான். ஆனால் அது பெரும்பான்மையின் ருசி, உங்கள் காது அல்ல. அளக்கும் செயற்கைக் காதும் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலே அவ்வளவு நம்பகமானதில்லை. வரைபடத்தைப் பார்த்துப் பத்தை மூன்றாகக் குறைக்கலாம். மூன்றில் ஒன்றை உங்கள் காதுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதைக் கேட்டுப் பார்ப்பது?

ஒப்பிடும் முன் ஒரு எச்சரிக்கை. இரண்டு இயர்போனில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ, அதுதான் 'நல்லது' என்று மனசு தீர்ப்பு எழுதிவிடும். ஆகவே முதலில் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒருவர் பேசும் பதிவை ஓடவிட்டு, இரண்டிலும் பேச்சு ஒரே அளவாகக் கேட்கும்படி வால்யூமை வையுங்கள். அதன் பிறகுதான் பாட்டு.

நான் முதலில் போடுவது பாட்டே அல்ல, அம்மா அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். அம்மா குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது மூக்கால் பேசுவது போலவோ குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலவோ கேட்டால் அந்த இயர்போனில் ஏதோ கோளாறு.

இரண்டாவது, 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே' பாட்டு. நம் நெல்லைச் சீமைக்காரரான காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் மாறி மாறி வரும். நாகஸ்வரம் இயர்போனுக்குக் கடினமான பரீட்சை. அதன் வலுவான மேல்ஸ்வரங்கள் அந்த 3,000 ஹெர்ட்ஸ் மேட்டிலும் அதைச் சுற்றியும்தான் விழுகின்றன. மேடு அளவு மீறினால் நாகஸ்வரம் காதைக் குத்தும், ரொம்பக் குறைந்தால் கம்பீரம் போய்விடும். பழைய மோனோ பதிவு என்பதால் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டுமே நடுநெற்றியில் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், டிப் சரியில்லை அல்லது இயர்போன் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை.

மூன்றாவது தவில். தொப்பிப் பக்கத்தின் 'தொம்', வலந்தலையின் 'டக்' இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா, அல்லது 'தொம்' பரவி எல்லாவற்றையும் மூழ்கடிக்கிறதா? பேஸ் அதிகம் என்பது வேறு, பேஸ் தெளிவு என்பது வேறு. கடையில் ஐந்து நிமிஷம் கேட்டால் முதலாவது பிடிக்கும். வீட்டில் ஐந்து நாள் கேட்டால் இரண்டாவதன் அருமை தெரியும்.

சௌகரியம் என்பது இரண்டாவது மணி நேரத்தில் தெரிவது

செங்கோட்டையிலிருந்து சென்னை போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி போட்டுக்கொண்டு போனால், சௌகரியம் பற்றி எந்த விமர்சனமும் படிக்க வேண்டாம். பத்து நிமிஷத்தில் எல்லாமே சௌகரியம்தான். ஒரு மணி நேரம் கழித்துக் காது மடலில் எங்கே வலிக்கிறது, ஒருக்களித்துப் படுத்தால் உறுத்துகிறதா, வாயை அசைத்துச் சாப்பிட்டால் கழன்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். வயர் உள்ளதாக இருந்தால், வயர் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் வரும். காதுக்கு மேலாக வயரைச் சுற்றிவிட்டால் பெருமளவு குறையும்.

நன்றாக அடைக்கும் இயர்போனில் நம் குரலும் நடையும் மெல்லும் சத்தமும் தலைக்குள் 'கும்கும்' என்று கேட்கும். எலும்பு வழியாக வரும் அதிர்வு வெளியேற வழியில்லாததால் வருவது அது. நாள் முழுக்க மீட்டிங்கில் பேசுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. அவர்களுக்குக் காற்று போய்வரச் சின்னத் துளை உள்ள மாடல்கள் நல்லது. அடைப்பும் சௌகரியமும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துத்தான் வாழ்கின்றன.

நம் ஊருக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம் ஈரம். அருவியில் குளித்துவிட்டு, காதில் தண்ணீர் இருக்கும்போதே இயர்போனை மாட்டி இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்டேன். அப்படியே நாலைந்து நாள். அரிப்பு, பிறகு வலி. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, "பூஞ்சை" என்றார். சூடும் ஈரமும் உள்ள மூடிய துளை அதற்கு வசதியான வீடு. குளித்தால் காது முழுசாகக் காயும்வரை இயர்போன் வேண்டாம். டிப்பைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், அடுத்தவருக்குக் கடன் கொடுக்காதீர்கள். பெட்டியில் 'ஐபிஎக்ஸ்4' என்று போட்டிருந்தால் தெறிக்கும் தண்ணீரை அது தாங்கும், அவ்வளவுதான். அருவியை அது தாங்காது.

கடைசியாக, எதற்காக இவ்வளவும்?

என் மாமா செங்கோட்டையில் மர அறுவை மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். காதில் பஞ்சுகூட வைத்ததில்லை. அன்றைக்கு அவரும் அருவிக்கு வந்திருந்தார். "என்ன மாமா, தண்ணி எப்படி விழுது?" என்றேன். "நல்லாத்தான் விழுது மாப்ள. ஆனா சத்தம் முன்ன மாதிரி இல்லையே. முன்ன 'சோ'ன்னு கேக்கும். இப்ப தூரத்துல லாரி போற மாதிரி 'கும்'முன்னுதான் கேக்கு" என்றார்.

அருவி மாறவில்லை. இரைச்சலால் கெடும் காதில் முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். வீட்டுக்கு வந்து டோன் ஜெனரேட்டரில் பார்த்தோம். 1,000 ஹெர்ட்ஸ் அவருக்கு நன்றாகக் கேட்டது, 4,000-இல் ஒன்றுமே இல்லை. இது வெறும் வீட்டுச் சோதனைதான். பிறகு டாக்டரிடம் முறையாகச் செய்த பரிசோதனையும் அதையே சொன்னது. போனில் பேசும்போது 'ச', 'த' போன்ற எழுத்துகள் அவருக்கு நழுவிப்போவதன் காரணமும் இதுதான். உள்காதின் மயிரணுக்கள் ஒருமுறை போனால் திரும்ப முளைப்பதில்லை.

மில்லுக்குப் போகாமலே இதை நாம் இயர்போனில் செய்துகொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது. 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு வெறும் 5 மணி. பல போன்களின் செட்டிங்ஸில் இந்த அளவு தெரியும், ஒருமுறை திறந்து பாருங்கள்.

அந்தப் பஸ் பையனிடம் இறங்குவதற்கு முன், "பெட்டியில இருக்கிற பெரிய சைஸ் டிப்பைப் போட்டுப் பாரு தம்பி" என்று மட்டும் சொன்னேன். வெளிச் சத்தம் உள்ளே வராவிட்டால் வால்யூமைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை. அதனால் யாராவது எந்த இயர்போன் நல்லது என்று கேட்டால் இப்போதெல்லாம் என் பதில் இதுதான்: பஸ்ஸில் போகும்போதும், வீட்டில் வைக்கும் அதே வால்யூமில் கேட்க முடிகிற இயர்போன்.