மன்றத்தின் பின்னேற்புக்கு

‘பேரூராட்சி குடிநீர் ஆழ்துளைக் கிணற்றில் பொருத்தப்பட்டுள்ள நீர்மூழ்கி மோட்டார் பழுதடைந்ததால், பொதுமக்கள் நலன் மற்றும் அவசர அவசியம் கருதி உடனடியாகப் பழுது நீக்கம் செய்யப்பட்டது. அதற்கான செலவினம் மன்றத்தின் பின்னேற்புக்கு.’

தமிழ்நாட்டில் எந்தப் பேரூராட்சியின் கூட்டப் பொருளைக் கையில் எடுத்தாலும் இந்த நடையில் நான்கைந்து பத்திகளாவது இருக்கும். படித்தால் கொட்டாவி வரும். ஆனால் ஓர் ஊரின் தண்ணீர், குப்பை, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் இந்த நடையில்தான் முடிவாகின்றன. சட்டமன்றத்தில் யார் யாரை மடக்கினார் என்று டீக்கடையில் அலசுகிற நாம், இரண்டு தெரு தள்ளிப் பேரூராட்சி அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் கூட்டத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தத் தாளை எப்படிப் படிப்பது?

முதலில் பேரூராட்சி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கிராம ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நடுவில் நிற்பது அது. கடைவீதி, பேருந்து நிலையம், வாரச்சந்தை எல்லாம் இருக்கும். ஊரைத் தாண்டினால் வயல் வந்துவிடும். பேரூராட்சிகளுக்கென்று 1981இல் தனி இயக்ககம் ஏற்பட்டது. அரசியலமைப்பின் 74ஆவது திருத்தத்துக்குப் பிறகு நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கில் சேர்த்தார்கள். 2004இல் ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ என்று மாற்றி, 2006இல் மறுபடி பேரூராட்சி ஆக்கினார்கள். பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு நல்ல காலம். 1998இல் இயற்றி, பிறகு கிடப்பில் போட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. வருமானத்தைப் பார்த்து இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று தரம் பிரித்திருக்கிறார்கள்.

2022 பிப்ரவரித் தேர்தல் 490 பேரூராட்சிகளின் 7,621 வார்டுகளுக்கு அறிவிக்கப்பட்டது. சராசரியாக ஊருக்குப் பதினைந்து, பதினாறு வார்டு. பெண்களுக்குப் பாதி இடம். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை; உறுப்பினர்கள் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2023 ஜூலை முதல் தலைவருக்கு மாதம் 10,000, துணைத்தலைவருக்கு 5,000, உறுப்பினருக்கு 2,500 ரூபாய் மதிப்பூதியம். மாதம் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் ‘அக்கா, எங்க தெருவுல தண்ணி வரல’ என்று கதவு தட்டப்படுகிற வேலை அது.

தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கவனிக்க வேண்டும். அவர் செயல் அலுவலர், சுருக்கமாக ஈ.ஓ. அரசு ஊழியர். செயலாட்சி அவர் கையில். மன்றம் தீர்மானம் போடும், அவர் நிறைவேற்றுவார். அவருக்கு மேலே மாவட்ட அளவில் பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், அதற்கும் மேலே சென்னையில் இயக்ககம். ‘கிராமத்துத் தலைவர்னா செக்ல கையெழுத்துப் போடறாரு, நம்ம சேர்மன் எதுக்கெடுத்தாலும் ஈ.ஓ.வைக் கேக்கறாரே’ என்று ஊரில் ஒரு முனகல் எப்போதும் உண்டு. இரண்டு அமைப்பும் வேறு வேறு என்பதுதான் விஷயம்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்னதாக உறுப்பினர்களுக்குக் கூட்டப் பொருள் வந்துவிடும். பெரும்பாலும் முதல் இரண்டு பொருள்களும் மாறாதவை. ஒன்று, சென்ற மாதத்து வரவு செலவு. இன்னொன்று, சென்ற மாதம் பதிவான பிறப்பும் இறப்பும். ஊரில் எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று மாதாமாதம் மன்றத்தின் பார்வைக்கு வைப்பதில் ஏதோ ஒரு பழைய அழகு இருக்கிறது. யாரும் அதைப் படிப்பதில்லை. ‘பாஸ், பாஸ்’ என்று குரல் வரும். எழுத்தர் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்.

வரவு செலவும் அப்படியே போய்விடுவதுதான் வருத்தம். உள்ளாட்சி பற்றி எழுதினால் உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நம்மிடம் ஒரு வழக்கம். குடவோலையைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டு, வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமின்றி அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையில் சேர்க்கக் கூடாது என்கிறது. கணக்கு அங்கே அவ்வளவு பெரிய விஷயம். அந்த உத்திரமேரூர் இன்றைக்கு ஒரு பேரூராட்சி.

சரி, மோட்டாருக்கு வருவோம்.

ஒரு செலவைச் செய்வதற்கு முன் மன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அதுதான் முறை. ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி மோட்டார் எரிந்துவிட்டால் அடுத்த மாதக் கூட்டம் வரை மூன்று தெருக்காரர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஈ.ஓ. ஆளனுப்பி மோட்டாரைத் தூக்கி, காயில் கட்டி, கேபிள் மாற்றி இறக்கிவிடுவார். பிறகு பில் மன்றத்துக்கு வரும். நடந்து முடிந்ததற்குப் பின்னால் தரும் ஒப்புதல் என்பதால் அதற்குப் பின்னேற்பு என்று பெயர். பைப்லைன் உடைப்பு, குப்பை வண்டி பழுது, பிளீச்சிங் பவுடர், மழைக்கு முன் வாறுகால் தூர்வாரிய ஜே.சி.பி. வாடகை, திருவிழாவுக்குப் போட்ட கூடுதல் விளக்கு எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

பின்னேற்பு என்றாலே மோசடி என்று எழுதுவது எளிது, தவறும்கூட. அந்த வசதி இல்லாவிட்டால் ஊர் ஓடாது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. ‘அவசர அவசியம்’ என்ற சொல் எதற்கெல்லாம் பயன்படுகிறது? எரிந்த மோட்டார் அவசரம். ஆண்டுதோறும் ஐப்பசியில் வரும் மழைக்குத் தூர்வாருவது எப்படி அவசரமாகும்? மழை வரும் என்று ஆவணியிலேயே தெரியாதா? கூட்டத்தில் முன்னாலேயே வைத்து, விலைப்புள்ளி வாங்கிச் செய்திருக்க வேண்டிய வேலை, காலம் தாழ்த்தியதால் அவசரமாகிவிடுகிறது. ஒவ்வொன்றும் சிறிய தொகை என்பதால் யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு மாதத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் அது சிறியதாக இருக்காது.

இன்னொன்றும் உண்டு. ஒரே போர்வெல் மோட்டார் ஓராண்டில் நான்கு முறை பின்னேற்புக்கு வந்தால் அதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கலாம். மின்அழுத்தம் சரியில்லை, அல்லது தண்ணீர் கீழே போய் மோட்டார் வெறுமனே ஓடி எரிகிறது, அல்லது மோட்டார் எரியவே இல்லை, பில் மட்டும் எரிகிறது. எது என்று அந்த வார்டு உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும். இரண்டாவது காரணமாக இருந்தால், அந்த நான்கு பத்திகளும் ஊரின் நிலத்தடி நீர் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கான சாட்சி. அதற்குத் தனியாக ஆய்வு தேவையில்லை.

பெரிய தொகை வேறு விதமாக வரும். தார்ச்சாலை, சிமெண்டுச் சாலை, பேவர் பிளாக், குடிநீர்த் தொட்டி, புதிய பேருந்து நிலையம் இவற்றுக்கெல்லாம் ஊரின் சொந்தப் பணம் காணாது. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், அம்ருத் 2.0, தூய்மை இந்தியா, நிதிக்குழு மானியம் என்று மேலேயிருந்துதான் நிதி இறங்க வேண்டும். எதற்குப் பணம் என்பதைத் திட்டமே சொல்லிவிடும். எந்தத் தெருவுக்கு என்பதுதான் மன்றத்தின் கையில் மிஞ்சுவது. அதனால்தான் ‘பணிகள் தேர்வு’ என்று ஒரு பொருள் வரும் அன்றைக்கு எல்லா உறுப்பினரும் வந்துவிடுகிறார்கள். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி உத்தரவு என்று அதன்பின் காகிதம் ஊர்ந்து போகும். ஒப்பந்தப்புள்ளிகளுக்கென்று 1998இலேயே ஒளிவுமறைவின்மைச் சட்டம் இருக்கிறது. தாளில் பார்க்க வேண்டியது, எத்தனை பேர் புள்ளி கொடுத்தார்கள், மதிப்பீட்டைவிட எவ்வளவு குறைவு என்ற இரண்டு எண்களை. இரண்டே பேர் போட்டியிட்டு, வென்றவர் மதிப்பீட்டிலிருந்து ஒரு மயிரிழை மட்டும் இறங்கியிருந்தால், அந்தச் சாலையைப் போடும்போது கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

குத்தகைப் பொருள்கள் நிதியாண்டு முடிகிற சமயத்தில் வரும். வாரச்சந்தை, பேருந்து நிலைய நுழைவுக் கட்டணம், கட்டணக் கழிப்பிடம், ஆடு அடிக்கும் இடம், கடைகள். ஏலத்தில் யாரும் போன ஆண்டுத் தொகைக்குக் கேட்கவில்லை என்றால் மறு ஏலம், அதுவும் போகாவிட்டால் அலுவலக ஆளை வைத்தே வசூல். இதில் மன்றம் குத்தகைத் தொகையைத்தான் பேசும். சந்தைக்குக் கீரைக்கட்டு சுமந்து வரும் அம்மாவிடம் குத்தகைக்காரர் எவ்வளவு சுங்கம் வாங்கலாம் என்ற கட்டணப் பட்டியல் அதே பொருளின் அடியில் இருக்கும். அதைச் சந்தை வாசலில் பலகையாக வைக்கச் சொல்லி ஓர் உறுப்பினர் கேட்டால் போதும்; அவருக்கு அடுத்த தேர்தலில் வேறு பிரசாரம் தேவைப்படாது.

வரிக்கு வந்தால், மன்றத்தின் அதிகாரம் எவ்வளவு என்று 2022 ஏப்ரலில் எல்லோருக்கும் தெரிந்தது. மார்ச் 2ஆம் தேதி பதவிப் பிரமாணம் எடுத்த உறுப்பினர்கள், நன்றி சொல்லி வார்டைச் சுற்றி முடிப்பதற்குள் சொத்து வரி உயர்வுத் தீர்மானம் மேசைக்கு வந்துவிட்டது. பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வை அரசே வகுத்துக் கொடுத்தது. 15ஆவது நிதிக்குழு மானியம் வேண்டுமானால் வரியைச் சீரமைக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னணியில் இருந்தது. மன்றங்கள் தீர்மானம் போட்டு, ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வெளியிட்டன. ‘நான் எதிர்த்தேன், தீர்மானம் நிறைவேறிடுச்சு’ என்று வார்டில் சொன்ன உறுப்பினர்களும் உண்டு.

வரி அதிகம் என்று நினைப்பவர் முறையிட வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அதில் மன்ற உறுப்பினர்களும் இருப்பார்கள். இப்படி ஒன்று இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது. அதேபோல, அரையாண்டின் முதல் முப்பது நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, தாமதித்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் தந்தது. அந்தப் பணத்தைப் பேரூராட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், கூட்டத்தில் நேரம் போவது வேறொன்றில். ‘எங்க வார்டுல மூணு மாசமா லைட் எரியல’ என்று ஒருவர் எழுவார். ‘என் வார்டுக்கு மட்டும் ஏன் குப்பை வண்டி வரல’ என்று இன்னொருவர். அது நியாயமான குறைதான். ஆனால் அது நடந்துகொண்டிருக்கும்போதே தாளில் மீதியிருந்த பத்துப் பொருள்களும் ‘ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ ஆகிவிடும். கோபித்து வெளிநடப்புச் செய்கிறவர்களுக்கும் ஒன்று: வெளியே போனால் படம் பத்திரிகையில் வரும், எதிர்ப்பு தீர்மானப் புத்தகத்தில் வராது. உள்ளேயே உட்கார்ந்து, ‘இந்தப் பொருளில் என் ஆட்சேபணையைப் பதிவு செய்யுங்கள்’ என்று சொன்னால்தான் பின்னால் தணிக்கைக்காரர் கண்ணில் படும். பெண் உறுப்பினருக்குப் பதிலாக வாசலில் நின்று பேசும் கணவர்களும் இதைக் குறித்துக்கொள்ளலாம். பதிவாகப்போவது அந்த அம்மாவின் கையெழுத்துதான்.

மன்றம் வெறும் சடங்குதானே, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரையிலான காலத்தை நினைவுபடுத்த வேண்டும். தேர்தல் நடக்கவில்லை. பேரூராட்சிகளில் செயல் அலுவலரே தனி அலுவலராகவும் இருந்தார். அதாவது, மோட்டார் பழுதுபார்த்ததைப் பின்னேற்புக்கு வைத்தவரும் அவரே, மன்றத்தின் இடத்தில் இருந்து பின்னேற்றவரும் அவரே. ஐந்து ஆண்டுக்கும் மேல் அப்படித்தான் போயிற்று. ‘எங்க வார்டுல லைட் எரியல’ என்று குறுக்கே எழுந்து நிற்க ஆளில்லாத கூட்டங்கள் அவை.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. வார்டில் யார் நின்றால் வாக்களிக்கலாம் என்று யோசிப்பதற்கு முன், உங்கள் ஊர் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். எல்லாத் தீர்மானங்களையும் கேட்காதீர்கள், கட்டுக்கட்டாக வந்து படிக்காமல் கிடக்கும். கடந்த ஓராண்டில் பின்னேற்பு பெற்ற செலவினங்களின் தீர்மான நகல் என்று மட்டும் கேளுங்கள்.