நடுக்குவாதமும் மூளையிற் பதித்த மின்கருவியைச் சீர்செய்தலும்

நடுக்குவாதம் எனத் தமிழில் வழங்கும் நோயை மேலைநாட்டார் பார்க்கின்சன் நோய் என்பர். 1817 ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியரான யேம்சு பார்க்கின்சன் என்பார் அதன் குறிகளைத் திரட்டி ஒரு சிறுநூல் வெளியிட்டமையே இப்பெயருக்குக் காரணம். ஓய்ந்திருக்குங் கை நடுங்குதல், உறுப்புக்கள் விறைத்தல், அசைவு மந்தமாதல், நடை குறுகுதல் என்பன அதன் தலையாய குறிகள். எழுத்துஞ் சிறுத்துவிடும். கரும்பலகையில் ஒரு கோடி முதல் மறுகோடிவரை பெரிய எழுத்தில் எழுதிப் பழகிய ஆசிரியரின் கையொப்பத்தை, அவர் ஓய்வுபெற்றபின் வங்கியார் அடையாளங் காணாது திருப்பிவிடுதலுங் கூடும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நம் பழைய மாணவருள் அறுபதைக் கடந்தோர் பலராதலின், இப்பொருளை இம்மலரில் விளக்குதல் தகுமெனக் கருதினோம்.

நடுமூளையிலே கருநிறமான ஒரு சிறு பகுதி உளது. அங்குள்ள நரம்புக்கலங்கள் டோபமீன் என்னும் பொருளைச் சுரந்து நம் அசைவுகளை ஒழுங்குபடுத்துகின்றன. அக்கலங்கள் அழிய நோய் தலைகாட்டும். டோபமீனாக மாறவல்ல லெவோடோபா என்னும் மருந்து 1960களில் வழக்குக்கு வந்தது. அதே பொருளை நம் நாட்டுப் புதர்களிற் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து 1937 இலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் பிரித்தெடுத்திருந்தனர் என்பது நம்மவர் அறியத்தக்கது. ஆயினும் ஆண்டுகள் செல்லச்செல்ல மருந்தின் பயன் நீடித்து நில்லாது. ஒருவேளை மருந்து தேய்ந்து உடல் கட்டுண்டு கிடக்கும். மறுவேளை மருந்து மிகுந்து உடல் தானே நெளியும். இவ்விரண்டுக்கும் இடையில் அல்லலுறுவோர்க்கே மின்தூண்டற் சிகிச்சை பெரிதும் உதவுவது.

சென்னை அரசாங்கப் பொது வைத்தியசாலையில் 1950 இல் நரம்புச் சத்திரசிகிச்சைப் பகுதியைத் தொடங்கியவர் பா. இராமமூர்த்தி. அவர்தம் குழுவில் விளங்கிய பெண் வைத்தியர் கனகா 1975 அளவிலேயே மூளையுள் மின்வாயைப் பதித்தவர். இன்று உலகெங்கும் நிகழும் முறைக்கு வழிகாட்டியவர் பிரான்சு தேசத்துக் கிரெனோபிள் நகரத்துப் பெனபிட் என்பார். நடுக்கந் தீர்க்க மூளையின் ஒரு புள்ளியைச் சுட்டழிக்கும் சிகிச்சையின்போது, அழிக்குமுன் அவ்விடத்தை மின்னாற் சோதிப்பது வழக்கம். மின்துடிப்பை விநாடிக்கு நூறளவில் விரைவாக்கியவிடத்து நடுக்கம் அடங்கக் கண்ட அவர், 1987 இல் அழிப்பதைவிட்டு மின்வாயை அங்கேயே நிலைபெறச் செய்தார்.

கருவி மூன்று உறுப்புடையது. மூளையின் ஆழத்திற் செல்லும் மெல்லிய கம்பி ஒன்று. காறையெலும்பின் கீழ்த் தோலுள் வைக்கும் மின்துடிப்புப் பெட்டி ஒன்று. இரண்டையும் கழுத்துவழியே தொடுக்கும் வடம் ஒன்று. கம்பியின் நுனியில் வழமையாக நான்கு மின்வாய்கள் உள. அவை ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீற்றர் நீளமே. அவை சென்று சேருங் கருவோ ஓர் அவரை விதையிலுஞ் சிறிது.

சத்திரசிகிச்சை முடிந்தவுடன் நோய் தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். கம்பி புகுந்த ஊறினாலேயே சில நாள் நடுக்கங் குறைந்து தோன்றுவதும் அவ்வெண்ணத்துக்கு இடமளிக்கும். அத்தோற்றம் அடங்கும்வரை சில வாரம் பொறுத்தே கருவியைச் சீர்செய்யத் தொடங்குவர். அன்று நோயாளி முதல்நாள் இரவு முதல் மருந்துண்ணாது, விறைத்த உடலுடன் வருதல் வேண்டும். இது துன்பமே, எனினும் மருந்தின் திரை விலகினாலன்றி மின்னின் பயன் புலனாகாது.

வைத்தியர் கையில் ஒரு சிறு கணினி உண்டு. அவர் மாற்றத்தக்கவை நான்கு: எந்த மின்வாய், எவ்வளவு மின்னோட்டம், துடிப்பொன்றின் அகலம், துடிப்பின் மீடிறன். அகலத்தை 60 மைக்கிரோசெக்கனிலும், மீடிறனை விநாடிக்கு 130 அளவிலும் நிறுத்தி, ஒவ்வொரு மின்வாயிலும் மின்னோட்டத்தை அரை மில்லியம்பியராக ஏற்றிச் செல்வர். மிருதங்க வித்துவான் கண்ணுக்குக் கண் தட்டிப்பார்த்துச் சுருதி சேர்ப்பதையொத்த வேலை இது. மணிக்கட்டை மடக்கிப் பார்க்கின் விறைப்பு விநாடிகளில் இளகுவது கைக்குத் தெரியும். நடுக்கமும் விரைவில் அடங்கும். அசைவின் மந்தம் தெளியக் கூடிய நேரமாகும். நடை திருந்த நாட்கள் செல்லும். ஆதலின் முதனாளிலேயே எல்லாவற்றையும் எதிர்பார்த்தல் தகாது.

நலந்தரும் அளவைக் கண்டபின்னும் நிறுத்தாது மேலேற்றுவர். தீங்கு எங்கே தொடங்குகின்றது என்பதையும் அறிதல் வேண்டுமன்றோ? மின்புலம் வெளிப்புறமாகப் பரவினால் முகத்தசை இழுபடும், நாக்குக் குழறும். பின்புறமாகப் பரவினால் கைகாலிற் கூச்சம் எழும். உட்புறமாயின் கண் ஒருபால் விலகும். நோயாளி கூறும் ஒரு சொல்லைக்கொண்டு கம்பி கருவின் எப்பக்கத்தில் நிற்கின்றதென வைத்தியர் ஊகிப்பர். நலத்துக்குந் தீங்குக்கும் இடைவெளி அகன்ற மின்வாயே தேர்வுபெறும். இக்காலத்துக் கம்பிகள் சிலவற்றில் மின்வாய் பகுக்கப்பட்டிருத்தலின், மின்னை ஒருபக்கமாகத் திருப்பவும் இயலும்.

பின்னரும் பன்முறை சென்று, மின்னைக் கூட்டி மருந்தைக் குறைத்து வருதல் வேண்டும். சிலருக்கு மனம் அளவுக்குமீறிக் கிளர்ச்சியுறும். வேறு சிலர் சோர்வடைவர். இதனை முதலிற் காண்பவர் மனைவியோ மக்களோ ஆதலின், அவர்களையும் உடனழைத்துச் செல்வது நன்று. லெவோடோபாவுக்கு இணங்காத தளம்பலும் மறதியும் மின்னுக்கும் இணங்குவது அரிது. நடுக்கம் மாத்திரம் இவ்விதிக்கு விலக்கு.

நம்மவருக்கு இதிலுள்ள இடர்ப்பாடு வேறொன்று. சத்திரசிகிச்சை சில நாட்களில் முடிவது. சீர்செய்தலோ வாழ்நாள் முழுதும் நிகழ்வது. கடல் கடந்து இந்தியாவுக்கோ பிள்ளைகள் வாழும் இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ சென்று கருவி பதித்துக்கொள்ளக் கருதுவோர், வைத்தியரின் புகழை விசாரிக்குமுன், கொழும்பிலே அதனைச் சீர்செய்பவர் யாரென விசாரித்தல் வேண்டும். ஒரு நிறுவனத்தார் செய்த பெட்டியை மற்றொரு நிறுவனத்தாரின் கணினி திறவாது. இணையவழியே தொலைவிலிருந்து சீர்செய்யும் ஒரு முறையை அமெரிக்க அரசு 2021 இல் அங்கீகரித்தது. மூளையின் மின்னலையைத் தானே அறிந்து தன்னைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங் கருவிக்கும் 2025 இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. நாம் வாங்கும் பெட்டி அவ்வகையினதா என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

கருவியுடையோர் அதன் விபர அட்டையை எப்பொழுதும் உடன் வைத்திருத்தல் நன்று. மூட்டுவலிக்கு மின்வெப்பச் சிகிச்சை அளிப்போரிடம் இதை மறைத்தால் மூளைக்கே ஆபத்து. காந்தப் படமெடுக்குமுன்னும் அறிவித்தல் வேண்டும். மின்கலம் சாதாரண பெட்டியில் மூன்று முதல் ஐந்தாண்டு வரை நிற்கும். மின்னேற்றத்தக்க பெட்டி பதினைந்தாண்டளவு உழைக்கும். இன்னுமொன்று, சொல்ல மனமில்லையேனுஞ் சொல்லவேண்டியது: பிரேதத்தைத் தகனஞ் செய்யும் வழக்கமுடைய நாம், அதற்குமுன் மார்பிலுள்ள பெட்டியை வைத்தியரைக்கொண்டு அகற்றுவித்தல் வேண்டும். தீயிலே மின்கலம் வெடிக்கும். பொரளைக் கனத்தைக்குப் புறப்படுமுன் இதனை நினைவூட்டும்படி வீட்டில் ஒருவரிடமேனும் சொல்லிவைத்தல் வேண்டும்.