ஐந்து மில்லியில் எத்தனை மில்லிகிராம்?

மருந்துக் கடையில் குழந்தைக் காய்ச்சலுக்கு பாராசிட்டமால் சிரப் கேட்டால், 5 மி.லி.க்கு 125 மி.கி. மருந்துள்ள பாட்டிலும் வரலாம், 250 மி.கி. உள்ள பாட்டிலும் வரலாம். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும். மூன்றிலிருந்தும் 5 மி.லி. எடுத்தால் குழந்தையின் வயிற்றுக்குள் போவது முறையே 125, 250, 500 மி.கி. கடைசி அளவு, பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் ஒரு முழு மாத்திரை. எனவே ‘எத்தனை மில்லி கொடுக்கலாம்?’ என்ற கேள்விக்கு, பாட்டிலைப் பார்க்காமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

காரணம் எளிது. உடலில் வேலை செய்வது மருந்தின் எடை; கரண்டியிலும் சிரிஞ்சிலும் நாம் அளப்பது திரவத்தின் கொள்ளளவு. 1 கிராம் என்பது 1000 மி.கி., 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம் என்று எடைக்குள் மாற்றுவதற்கு நிலையான வாய்ப்பாடு உண்டு. எடையிலிருந்து கொள்ளளவுக்குப் போக அப்படி ஒன்று கிடையாது. 1 மி.லி. தண்ணீர் 1 கிராம் என்று பள்ளியில் படித்தது இங்கே உதவாது. ஒரு கைப்பிடி உப்பைச் சொம்புத் தண்ணீரில் கரைப்பதற்கும் குடத்துத் தண்ணீரில் கரைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த பாட்டில்களுக்குள் இருப்பது. அதைச் சொல்வது லேபிளில் உள்ள அடர்த்தி மட்டுமே. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. வீதம் ஒரு வேளைக்கு 150 மி.கி. என்று மருத்துவர் தீர்மானிப்பதாகக் கொள்வோம். 250 மி.கி. சிரப்பில் 1 மி.லி.க்கு 50 மி.கி.; ஆகவே 3 மி.லி. போதும். 125 மி.கி. சிரப்பில் அதே மருந்துக்கு 6 மி.லி. வேண்டும். சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி.தான்.

‘டாக்டர் 5 மில்லி என்று எழுதிவிட்டார், நமக்கெதற்குக் கணக்கு?’ என்று கேட்கலாம். அவர் எழுதியது, மனதில் வைத்திருந்த ஓர் அடர்த்திக்கு. அந்த பிராண்டு இல்லையென்று கடையில் வேறொன்றைக் கொடுத்தால், சீட்டு மாறாது; மருந்தின் அளவு மாறிவிடும். அமெரிக்காவிலும் இந்தக் குழப்பம் இருந்தது. அங்கே கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து, பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பைவிட மும்மடங்கு அடர்த்தியாக விற்கப்பட்டது. 2011-ல் தயாரிப்பாளர்கள் அதைக் கைவிட்டு, இரண்டையும் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே அடர்த்திக்குக் கொண்டுவர முன்வந்தார்கள். பெற்றோரின் கவனத்தை மட்டும் நம்பியிருந்தால் போதும் என்றால், இந்த மாற்றமே தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: சாதாரண மக்களைக் கணக்குப் போடச் சொன்னால் தவறு கூடத்தானே செய்யும்? ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு வித்தியாசம் என்பது உண்மை. ‘.5’ என்று எழுதியதில் புள்ளி மங்கினால் 5 ஆகிவிடும், ‘1.0’ பத்தாகிவிடும். அதனால்தான் அரையை ‘0.5’ என்றும் ஒன்றை வெறும் ‘1’ என்றும் எழுத வேண்டும் என்று மருந்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் வற்புறுத்துகிறார்கள். ஆனால் இங்கே வீட்டாரிடம் கேட்பது அளவைத் தீர்மானிப்பதை அல்ல, ஒப்பிட்டுப் பார்ப்பதை. சீட்டில் உள்ள அடர்த்தியும் பாட்டிலில் உள்ள அடர்த்தியும் ஒன்றா என்று பார்க்கக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒன்றாக இல்லையென்றால், கொடுப்பதற்கு முன் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

‘கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும்?’ என்ற அலட்சியமும் உண்டு. மிகுதியான பாராசிட்டமால் வேளைக்கு வேளை சேர்ந்தால் கல்லீரலைப் பதம் பார்க்கும். இன்சுலினிலோ ஒரே ஊசியில் ஆபத்து நேரலாம். 1 மி.லி.க்கு 100 யூனிட் கொண்ட இன்சுலினை, 40 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை எடுத்தால் உடலுக்குள் போவது 25 யூனிட். சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.

ஆகவே மாற வேண்டியது முதலில் சீட்டுதான். ‘5 மில்லி, மூன்று வேளை’ என்பதற்குப் பதில், ‘150 மி.கி.; 250/5 சிரப்பில் 3 மி.லி.’ என்று ஒரே வரியில் எழுதலாம். சமையலறைக் கரண்டியை விட்டு, அந்தந்த பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ சிரிஞ்சையோ பயன்படுத்துவது வீட்டாரின் பங்கு. டீஸ்பூனுக்கும் டேபிள்ஸ்பூனுக்கும் இடையிலேயே மும்மடங்கு வித்தியாசம் இருக்கிறது. மி.கி. எழுதாத சீட்டு கைக்கு வந்தால், மருத்துவரின் அறையை விட்டுக் கிளம்புமுன் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை.